மதமும் தேசியமும் அரசும்: ஷிந்தோ அனுபவமும் தெல்லிப்பழையும்

1. முன்னுரை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையை அண்டிய தெல்லிப்பழை, செம்மண் தோட்டங்களும் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் நிறைந்த ஒரு பழைய ஊராகும். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில், கீரிமலை நகுலேஸ்வரம், காங்கேசன்துறை, தையிட்டி முதலியன இன்று தெல்லிப்பழைப் பிரதேச செயலாளர் பிரிவினுள் அடங்குவன. அமெரிக்க மிசனைச் சேர்ந்த டானியல் பூவர் 1816 ஆம் ஆண்டு தமது பணியைத் தொடங்கிய இடமும் இதுவே. பிற்காலத்தில் தமிழரசுக் கட்சியை நிறுவிய சா. ஜே. வே. செல்வநாயகம் சிறு வயதிற் கல்வி பயின்றதும் இவ்வூர் யூனியன் கல்லூரியிலாகும்.

இவ்வாறான ஓர் ஊரிலிருந்து யப்பானின் ஷிந்தோ மதத்தைப் பற்றிச் சிந்திப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், மதம், தேசியம், அரசு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிப் பிணையும்போது என்ன நிகழ்கிறது என்பதை அண்மைக்கால ஆசிய வரலாற்றில் மிகத் தெளிவாகக் காட்டி நிற்பது யப்பானிய அனுபவமே. அந்த அனுபவத்தை ஓர் அளவுகோலாகக் கொண்டு, இலங்கை அரசுக்கும் பௌத்தத்துக்கும் இடையே வளர்ந்த உறவினையும், அவ்வுறவு தெல்லிப்பழைப் பிரதேசத்தில் எடுத்த வடிவத்தினையும், அதே அளவுகோலால் நம்மை நாமே அளந்து பார்க்கும்போது தோன்றும் உண்மைகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். இங்கு ஆராயப்படுவது எந்த மதத்தினதும் மெய்ப்பொருளன்று. புத்தர் பெருமான் போதித்த அறமோ, யப்பானிய உழவன் தன் வயலோரத்துத் தெய்வத்துக்கு வைக்கும் படையலோ நமது விமர்சனத்துக்கு இலக்காகா. மதத்தை அரசு கையிலெடுக்கும் முறையே நமது ஆய்வுப் பொருள்.

2. ஷிந்தோ அரசமதமான வரலாறு

ஷிந்தோ யப்பானின் தொன்மையான வழிபாட்டு மரபு. மலை, மரம், அருவி, முன்னோர் ஆகியவற்றில் உறையும் தெய்வங்களை அது 'கமி' என அழைக்கும். நிறுவனர், தனியொரு மறைநூல், கட்டிறுக்கமான கோட்பாடு ஆகியன அதற்கில்லை. ஆறாம் நூற்றாண்டிற் பௌத்தம் யப்பானை அடைந்த பின்னர், இவ்விரு மரபுகளும் ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றுகலந்து வாழ்ந்தன. ஒரே வளாகத்திற் புத்தர் படிமமும் கமியின் சந்நிதியும் அருகருகே இருந்தன. கமிகளைப் புத்தர்களின் வெளிப்பாடுகளாகக் கொள்ளும் தத்துவ விளக்கங்களும் தோன்றின. மக்களும் இவ்விரண்டிடையே வேறுபாடு காணாது வழிபட்டு வந்தனர்.

1868 ஆம் ஆண்டு மெய்ஜி மறுமலர்ச்சி நிகழ்ந்தது. தொக்குகவா இராணுவப் பிரபுக்களின் ஆட்சியை வீழ்த்திய சத்சுமா, சோசு ஆகிய பகுதிகளைச் சேர்ந்த கீழ்நிலைச் சாமுராய்கள், பேரரசரின் பெயரால் அதிகாரத்தைக் கைப்பற்றினர். நூற்றுக்கணக்கான சிற்றரசுகளாகச் சிதறிக்கிடந்த நாட்டை ஒன்றாக்கவும், 1873 ஆம் ஆண்டின் நிலவரிச் சீர்திருத்தத்தாலும் கட்டாய இராணுவ சேவையாலும் கொதித்தெழுந்த விவசாயிகளைக் கட்டுப்படுத்தவும், மேலைநாட்டு வல்லரசுகளுக்கு ஈடுகொடுக்கவும் அவர்களுக்கு ஒரு கருத்துநிலை தேவைப்பட்டது. சூரியதேவியின் வழித்தோன்றலே பேரரசர் என்னும் பழங்கதை அத்தேவையை நிறைவுசெய்தது.

இதற்கென அவர்கள் மேற்கொண்ட முதல் நடவடிக்கை பிரித்தலாகும். கமிகளையும் புத்தர்களையும் வேறுபடுத்த வேண்டுமென 1868 ஆம் ஆண்டிலேயே ஆணை பிறந்தது. தொடர்ந்து நாட்டின் பல பாகங்களிலும் பௌத்த ஆலயங்கள் சூறையாடப்பட்டன, படிமங்கள் உடைக்கப்பட்டன, துறவிகள் துறவைக் கைவிடும்படி நெருக்கப்பட்டனர். தூய்மையான ஆதி யப்பானிய மதம் என ஒன்று மீட்கப்பட்டதாகச் சொல்லப்பட்டதாயினும், உண்மையில் அவ்வாறு தனித்து நின்ற ஒரு மதம் அதுவரை இருந்ததில்லை. மீட்பு என்னும் பெயரில் நிகழ்ந்தது ஆக்கமேயாகும்.

இரண்டாவது நடவடிக்கை இன்னும் நுட்பமானது. 1889 ஆம் ஆண்டின் மெய்ஜி அரசியலமைப்பு, குடிமக்களின் கடமைகளுக்கு மாறுபடாத அளவில் மதசுதந்திரம் வழங்கியது. மதசுதந்திரம் உண்டெனின் அரசு ஒரு மதத்தை எல்லோர்மீதும் சுமத்துதல் எங்ஙனம்? அதற்கான விடை, ஷிந்தோ ஆலய வழிபாடு மதமே அன்று என்பதாயிற்று. அது நாட்டின் சடங்கு, முன்னோர்க்குச் செலுத்தும் மரியாதை, குடிமகனின் கடமை. 1900 ஆம் ஆண்டில் உள்நாட்டு அமைச்சு ஆலயங்களுக்கென ஒரு பணியகத்தையும் மதங்களுக்கென வேறொரு பணியகத்தையும் தனித்தனியே அமைத்ததன் மூலம் இக்கோட்பாடு நிருவாக வடிவம் பெற்றது. மதமல்ல எனக் கூறப்பட்டதனாலேயே அது எல்லா மதத்தார்மீதும் சுமத்தப்படக்கூடியதாயிற்று என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

மூன்றாவது கருவி பள்ளிக்கூடம். 1890 ஆம் ஆண்டு வெளிவந்த கல்வி பற்றிய பேரரசக் கட்டளை, பாடசாலைகளிற் பயபக்தியுடன் வாசிக்கப்பட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், உச்சிமுரா கன்சோ என்னும் கிறித்தவ ஆசிரியர் அக்கட்டளையின் முன் போதியளவு தலைவணங்கவில்லை என்பதற்காகப் பதவியை இழக்க நேர்ந்தது. 1932 ஆம் ஆண்டிற் சோபியா பல்கலைக்கழகத்துக் கத்தோலிக்க மாணவர் சிலர் யசுகுனி ஆலயத்தில் வணங்க மறுத்தமை பெரும் நெருக்கடியை விளைவித்தது. ஈற்றில் 1936 ஆம் ஆண்டு வத்திக்கான், அது நாட்டுப்பற்றின் அடையாளமான குடியியற் சடங்கே எனக்கொண்டு கத்தோலிக்கர் கலந்துகொள்வதற்கு இணங்கியது. அரசின் வரைவிலக்கணத்தைத் திருச்சபையே ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சியாக இது கருதத்தக்கது.

அரசு தழுவிய மதத்துக்கு அரசால் விளைந்த கேடும் குறைவன்று. 1906 ஆம் ஆண்டு தொடக்கம் நடைமுறைப்படுத்தப்பட்ட ஆலய இணைப்புத் திட்டத்தினால் ஏறத்தாழ 70,000 சிறு ஆலயங்கள் மூடப்பட்டன அல்லது பிறவற்றோடு சேர்க்கப்பட்டன. ஒரு கிராமத்துக்கு ஓர் ஆலயம் என்னும் நிருவாக ஒழுங்கின் பெயரால், ஊர்மக்களின் குலதெய்வங்களும் அவற்றைச் சூழ்ந்திருந்த காவுகளும் அழிந்தன. இயற்கை அறிஞரான மினக்கட்டா குமகுசு இதனை எதிர்த்துக் கடுமையாகப் போராடினார். மக்களின் மதத்தை அரசு காக்க முற்படும்போது மக்களே அதனை இழந்துவிடுவதுண்டு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1869 ஆம் ஆண்டு நிறுவப்பட்டு 1879 ஆம் ஆண்டிற் பெயர் மாற்றம் பெற்ற யசுகுனி ஆலயம், பேரரசருக்காகப் போரில் மடிந்தோரைத் தெய்வங்களாக்கியது. சாதாரண உழவனின் மகன் இறந்தாலும் பேரரசரே வந்து வணங்கும் தெய்வமாவான் என்ற எண்ணம், சாவை ஏற்கச்செய்யும் வலிய கருவியாயிற்று. பேரரசு விரிந்த இடமெல்லாம் ஷிந்தோ ஆலயங்களும் எழுந்தன. 1925 ஆம் ஆண்டு கொரியாவின் சியோல் நகர மலையொன்றிற் பேராலயம் அமைக்கப்பட்டது. 1938 ஆம் ஆண்டு கொரியப் பிரெஸ்பிற்றீரியன் திருச்சபை ஆலய வழிபாட்டை ஏற்கும்படி நிர்ப்பந்திக்கப்பட்டது. இணங்க மறுத்த போதகர் யூ கி-சோல் 1944 ஆம் ஆண்டு சிறையில் இறந்தார்.

யாழ்ப்பாணத்தவருக்கு இவ்வரலாறு முற்றிலும் அந்நியமானதன்று. மலாயாவிற் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்த நம்மவர் பலர், 1942 முதல் 1945 வரை யப்பானிய ஆட்சியின்கீழ் வாழ்ந்தவர். சிங்கப்பூரில் யுத்தக் கைதிகளைக் கொண்டு 'சியோனான்' ஆலயம் கட்டப்பட்டதும், பேரரசரின் அரண்மனை இருக்கும் திசைநோக்கிப் பாடசாலைப் பிள்ளைகள் வணங்கவேண்டியிருந்ததும் அவர்கள் காலத்து நிகழ்ச்சிகள். வாழைக்காசு பற்றிப் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொன்ன மலாயாப் பென்சன்காரர் குடாநாட்டுக் கிராமங்களில் நெடுங்காலம் வாழ்ந்திருந்தனர்.

யப்பானின் தோல்விக்குப் பின், 1945 டிசெம்பர் 15 ஆம் நாள் நேசநாட்டுப் படைத்தலைமை பிறப்பித்த ஆணை அரசுக்கும் ஷிந்தோவுக்குமான தொடர்பைத் துண்டித்தது. 1946 ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளிற் பேரரசர் தமது தெய்வத்தன்மையை மறுத்து அறிக்கை விடுத்தார். 1947 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு மதத்தையும் அரசையும் பிரித்தது. எனினும் பிரச்சினை அதனோடு முடிந்துவிடவில்லை. சூ நகரசபை நடத்திய நிலத்தூய்மைச் சடங்கு மதச்செயலன்று, வழமையே என 1977 ஆம் ஆண்டு யப்பானிய உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதியரசர் தீர்த்தனர். ஆயின் எகிமே மாகாண நிருவாகம் யசுகுனிக்குக் காணிக்கை செலுத்தியமை அரசியலமைப்புக்கு முரணானதென 1997 ஆம் ஆண்டு அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1978 ஆம் ஆண்டு போர்க்குற்றத் தலைவர்கள் பதினால்வர் யசுகுனியிற் சேர்க்கப்பட்ட பின்னர், பிரதமர் ஒருவர் அங்கு செல்வது அயல்நாடுகளின் கண்டனத்துக்கு உள்ளாகும் செயலாயிற்று.

3. இலங்கையில் அரசும் பௌத்தமும்

யப்பானிய அனுபவத்துக்கும் இலங்கைக்கும் நேரடித் தொடர்பொன்றும் உண்டு. பின்னாளில் அநகாரிக தர்மபால எனப் புகழ்பெற்ற டேவிட் ஹேவாவிதாரண, 1889 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கேணல் ஒல்கொட்டுடன் யப்பான் சென்றார். மெய்ஜி அரசியலமைப்பு பிரகடனஞ் செய்யப்பட்ட காலமும் அதுவே. பின்னரும் பன்முறை அவர் அந்நாட்டுக்குச் சென்று மீண்டார். அந்நியராட்சிக்கு அடிமைப்படாது, கைத்தொழிலும் கல்வியும் வளர்ந்து தலைநிமிர்ந்த ஓர் ஆசிய நாடு என யப்பானை அவர் இலங்கையருக்கு எடுத்துக்காட்டினார். அந்த வியப்பு இயல்பானதே. ஆனால் அவர் பௌத்த நாடாகக் கண்டு போற்றிய அந்நாட்டின் புதிய அரசு, இருபதாண்டுகளின் முன் பௌத்த ஆலயங்கள் தாக்குண்ணக் காரணமாயிருந்தது என்பதும், அதன் கருத்துநிலையின் மையம் புத்தரல்லர், பேரரசரே என்பதும் வரலாற்றின் முரண்களாகும்.

இலங்கையிற் பௌத்த மறுமலர்ச்சி ஒடுக்கப்பட்டோரின் எழுச்சியாகவே தொடங்கிற்று என்பதை மறுத்தல் நேர்மையாகாது. 1815 ஆம் ஆண்டின் கண்டி உடன்படிக்கையிற் பௌத்தத்தைப் பேணுவதாகப் பிரித்தானியர் வாக்களித்தனர். மிசனரிமாரின் நெருக்குதலால் சில தசாப்தங்களுள் அப்பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டனர். பள்ளிக்கூடமும் உத்தியோகமும் கிறித்தவத்தின் வழியே கிடைத்தன. 1873 ஆம் ஆண்டின் பாணந்துறை விவாதமும், ஒல்கொட்டின் துணையோடு எழுந்த பௌத்த பாடசாலைகளும் அந்நிலைக்கு எதிரான நியாயமான குரல்களாகும். வடக்கில் ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலை நிறுவியதும் இதே வரலாற்றுச் சூழலின் விளைவே. இரு மறுமலர்ச்சிகளும் மிசனரிமாரிடமிருந்தே அச்சியந்திரம், வினாவிடை நூல், பாடசாலை ஆகிய கருவிகளைக் கற்றுக்கொண்டன.

எனினும், யப்பானில் ஆணையால் நிகழ்ந்த பிரித்தல் இலங்கையில் மெதுவாக, கருத்துத்தளத்தில் நிகழ்ந்தது. விகாரைகளிலே விஷ்ணுவுக்கும் கதிர்காமத் தெய்வத்துக்கும் தேவாலயங்கள் இருந்தன. கதிர்காமத்திற் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கூடினர். தெல்லிப்பழைக்குத் தெற்கே, அதிக தூரமில்லாத கந்தரோடையில் உள்ள பௌத்தச் சின்னங்கள் யாழ்ப்பாணத்தின் பௌத்தப் பழமையைக் காட்டுகின்றன. தமிழிற் பௌத்த காப்பியம் எழுந்ததையும் நாம் அறிவோம். இவையனைத்தையும் மறந்து, பௌத்தம் என்றாற் சிங்களம், சைவம் என்றாற் தமிழ் என இரு வேலிகள் எழுந்தன. இதன் விளைவாகக் கந்தரோடையின் கற்கள் ஒருசாராருக்கு உரிமைப் பத்திரமாகவும் மறுசாராருக்கு அச்சத்துக்குரிய பொருளாகவும் ஆயின. அவை நம் முன்னோருட் சிலரின் வழிபாட்டு எச்சங்களாக இருக்கலாம் என்னும் எண்ணம் இரு சாராரிடத்தும் வலுப்பெறவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் இக்கருத்துநிலை அரசைப் பற்றிக்கொண்டது. ஐம்பெரும் சக்திகள் எனப்பட்ட பிக்கு, ஆயுர்வேத வைத்தியர், ஆசிரியர், விவசாயி, தொழிலாளர் ஆகியோரைத் திரட்டிய 1956 ஆம் ஆண்டின் எழுச்சியில், ஆங்கிலங்கற்ற மேட்டுக்குடிக்கு எதிரான உண்மையான மக்கள் சீற்றம் இருந்தது. ஆனால் அச்சீற்றம் வர்க்கப் பாதையிற் செல்லாது, சிங்களம் மட்டும் சட்டமாக வெளிப்பட்டது. 1957 ஆம் ஆண்டு யூலையிற் கைச்சாத்தான பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம், பிக்குகள் பிரதமரின் இல்லத்தின் முன் அமர்ந்து நெருக்கியதையடுத்து 1958 ஏப்பிரலிற் கிழித்தெறியப்பட்டது. அடுத்த ஆண்டில் அப்பிரதமரே ஒரு பிக்குவின் துப்பாக்கிக்கு இரையானார். 1966 முதல் 1971 வரை ஞாயிறு விடுமுறைக்குப் பதிலாகப் போயா நாட்களே வார விடுமுறைகளாயிருந்தன. இருபெரும் கட்சிகளும் இவ்வகையில் ஒன்றையொன்று விஞ்ச முயன்றன.

சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு, ஒரு மதத்தினருக்கு மட்டும் சலுகை வழங்கும் சட்டங்களைத் தடைசெய்திருந்தது. 1972 ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பு அப்பாதுகாப்பை நீக்கி, பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கியது. இவ்வரசியலமைப்பை வரைந்த அமைச்சர் இடதுசாரித் தலைவரான கொல்வின் ஆர். டி சில்வா என்பது முற்போக்காளர் மறக்கலாகாத பாடமாகும். மொழியுரிமைக்காக 1956 ஆம் ஆண்டிற் பாராளுமன்றத்தில் உறுதியோடு வாதாடியவர் அவரே. பாராளுமன்றப் பெரும்பான்மைக்காகக் கொள்கையைப் பின்தள்ளியதன் விலையை இடதுசாரி இயக்கம் பின்னர் செலுத்த நேர்ந்தது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, தனது 9 ஆம் உறுப்புரையில், புத்த சாசனத்தைப் பேணி வளர்த்தலை அரசின் கடமையாக்கியது. 'சாசனம்' என்னுஞ் சொல் போதனையை மட்டுமன்றிச் சங்கத்தையும் விகாரைகளையும் உள்ளடக்கக்கூடியது. இவ்வுறுப்புரையை மாற்றப் பாராளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும்.

ஏனைய மதங்களின் உரிமைகளும் அதே உறுப்புரையில் உறுதிசெய்யப்பட்டுள்ளன எனக் கூறுவர். உண்மையே. ஆனால் 2003 ஆம் ஆண்டிற் கத்தோலிக்கக் கன்னியர் சபையொன்றைக் கூட்டிணைக்கும் சட்டமூலத்தைப் பரிசீலித்த உச்ச நீதிமன்றம், அச்சட்டமூலம் 9 ஆம் உறுப்புரைக்கும் முரணானதெனக் கொண்டது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2005 ஆம் ஆண்டில் இதனை உரிமை மீறலெனக் கண்டது. யப்பானிற் குடிமகனின் கடமை என்ற எல்லை எவ்வாறு மதசுதந்திரத்தைச் சுருக்கியதோ, அவ்வாறே இங்கு முதன்மை என்ற எல்லை அதனைச் சுருக்க வல்லதாயிற்று.

இரு நாடுகளிடையேயும் வேறுபாடுகள் உள. இலங்கையில் தெய்வமாக்கப்பட்ட பேரரசர் இல்லை. விகாரையில் வணங்கும்படி பிறமதக் குடிமக்கள் கட்டாயப்படுத்தப்பட்டதுமில்லை. யப்பானில் அரசு ஆலயத்தை ஏவியது. இலங்கையிலோ சங்கத்தின் சில பிரிவுகள் அரசை ஏவுமளவு வலிமை பெற்றன. எனினும் நாட்டையும் இனத்தையும் மதத்தையும் ஒன்றாக்கி, அவ்வொற்றுமைக்குள் அடங்காதவனை விருந்தாளியாக்கும் தருக்கம் இரண்டிடத்தும் ஒன்றே.

4. தெல்லிப்பழையில் அரசும் நிலமும்

இத்தருக்கம் அரசியலமைப்பின் பக்கங்களில் மட்டும் தங்கிவிடுவதன்று. அது நிலத்திலும் இறங்கும். 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டு ஒக்டோபரிற் கீரிமலை நகுலேஸ்வரம் விமானத் தாக்குதலுக்குள்ளாயிற்று. பலாலி, காங்கேசன்துறைப் பகுதிகள் உயர் பாதுகாப்பு வலயமாயின. தேர் ஓடிய வீதிகளில் முட்கம்பி வேலி நின்றது. போர் 2009 ஆம் ஆண்டு முடிவுற்ற பின்னரும், 2013 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 6,381 ஏக்கர் நிலத்தைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் விடுக்கப்பட்டது. அதனை எதிர்த்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காணி உரிமையாளர் நீதிமன்றத்தை நாடினர். பின்னர் வந்த ஆண்டுகளிற் பல பகுதிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன.

இப்பின்னணியிலேயே தையிட்டித் திஸ்ஸ விகாரைப் பிரச்சினையை நோக்குதல் வேண்டும். மக்கள் தம் காணிகளுக்குத் திரும்ப முடியாதிருந்த காலத்தில், இராணுவத்தினரால் அங்கு பெரிய விகாரையொன்று கட்டியெழுப்பப்பட்டது. அது தமது உறுதிக் காணிகளில், தமது சம்மதமின்றி அமைந்தது எனக் காணி உரிமையாளர் முறையிட்டனர். 2023 ஆம் ஆண்டு மே மாதம் முதல் அவர்களும் ஆதரவாளர்களும் போயா நாட்களிற் போராட்டம் நடத்தினர். 2025 ஆம் ஆண்டிலும் அது தொடர்ந்தது.

இங்கு எழும் வினா, பௌத்தர்க்கு வடக்கில் வழிபாட்டிடம் இருக்கலாமா என்பதன்று. இருக்கலாம் என்பதில் எந்தச் சனநாயகவாதிக்கும் ஐயமிருத்தல் கூடாது. யாழ்ப்பாண நகரிலேயே நாகவிகாரை உண்டு. வினா வேறு: சீருடையணிந்த அரச ஊழியர், அவ்விடத்து மக்கள் அங்கில்லாத வேளையில், அவ்விடத்துக்கு மிகக் குறைவாகவே வழிபடுவோரைக் கொண்ட ஒரு மதத்தின் பெயரால், ஒரு நினைவுச்சின்னத்தை எழுப்பும்போது அது வழிபாடா, ஆட்சியுரிமையின் அறிவித்தலா? சியோல் மலைமேல் 1925 ஆம் ஆண்டு எழுந்த ஆலயமும், சிங்கப்பூர்க் காட்டினுள் எழுந்த ஆலயமும் இதே வினாவுக்கு உள்ளானவை. பேரரசு வீழ்ந்ததும் அவ்விரண்டும் இல்லாதொழிந்தன. ஊர்மக்களின் வேரில்லாத ஆலயம் ஆட்சியோடு வந்து ஆட்சியோடு போகும் என்பதையே அவை காட்டுகின்றன. இவ்வகைச் செயல்களால் நட்டமடைவது தமிழ்க் காணிக்காரர் மட்டுமல்லர், பௌத்தமும் நட்டமடைகிறது. அவாவறுத்தலைப் போதித்த ஒரு மதத்தின் வெண்தாதுகோபம், ஒரு கிராமத்தவரின் கண்களுக்கு வேலிச் சண்டையின் சின்னமாகத் தோன்ற நேர்ந்தமை அம்மதத்துக்குப் பெருமையாகாது.

5. நமது கோயில் வாசல்

இதுவரை கூறியவற்றை வாசித்துத் தலையசைக்கும் தமிழ் வாசகர், அதே தெல்லிப்பழைப் பகுதியின் இன்னொரு வாசலிலும் சற்று நிற்றல் வேண்டும். 1968 ஆம் ஆண்டு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிற் திருவிழாக் காலத்தில், தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் உட்சென்று வழிபடும் உரிமை கோரிச் சத்தியாக்கிரகம் இருந்தனர். 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சென்ற ஊர்வலத்தோடு வேகம்பெற்ற தீண்டாமை ஒழிப்பு இயக்கத்தின் தொடர்ச்சியே இது. நா. சண்முகதாசன் தலைமையிலான பொதுவுடைமையாளர் இதற்குப் பக்கபலமாயினர். வாசலை மறித்து நின்றோருக்குத் தலைமைதாங்கியவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியரும் முன்னாள் அமைச்சருமான அவர், தமிழருக்குத் தனியரசு வேண்டுமென முதன்முதல் குரலெழுப்பியோருள் ஒருவர். தமிழினத்தின் விடுதலையைப் பேசியவர், தமிழரில் ஒரு பகுதியினரைத் தமிழ்க்கடவுளின் வாசலிலே தடுத்தார்.

அவர்கள் எடுத்தாண்ட வாதம் நமக்கு ஏலவே அறிமுகமானது: இது வழமை, இது மரபு, இதிற் சட்டத்துக்கு இடமில்லை. சாதி காரணமாக ஆலயப் பிரவேசத்தைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியிருந்தது. சிங்களம் மட்டும் சட்டத்தை ஆக்கிய அதே பாராளுமன்றமே இதனையும் ஆக்கியது. இது அரசை ஒற்றை நிறத்திற் காண்போருக்கு ஓர் எச்சரிக்கை. மாவிட்டபுர வாசலில் நிகழ்ந்தது பற்றிய வழக்கு ஈற்றில் இலண்டனிலுள்ள பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. ஊர் வழமையைக் காக்கப் புறப்பட்டவர், அதன்பொருட்டு அந்நியப் பேரரசின் நீதிபீடத்தில் ஏறவேண்டியதாயிற்று.

இங்கும் யப்பானிய ஒப்புமை பயனுடையது. 1871 ஆம் ஆண்டின் ஆணை புறக்கணிக்கப்பட்ட சமூகத்தவரைச் சட்டப்படி சமமாக்கியது. பேரரசரின் பிள்ளைகள் அனைவரும் ஒன்றென ஷிந்தோத் தேசியம் பறைசாற்றியது. ஆயினும் இழிவு நீங்காததால் அம்மக்கள் 1922 ஆம் ஆண்டு கியோத்தோவிற் கூடிச் 'சுயிகெய்சா' என்னும் தமது சொந்த இயக்கத்தை நிறுவினர். இனத்தின் ஒற்றுமை பேசும் தேசியம், அவ்வினத்தின் அடித்தட்டிலிருந்து எழும் குரலைப் பிளவு எனக் குற்றஞ்சாட்டுவது எங்கும் காணப்படும் வழக்கமாகும்.

மதத்தையும் இனத்தையும் ஒன்றாக்காத மரபொன்றும் நம்மிடம் உண்டு என்பதையும் குறிப்பிடல் தகும். கிறித்தவரான செல்வநாயகத்தை, பெரும்பான்மையும் சைவர் வாழும் காங்கேசன்துறைத் தொகுதி, 1952 ஆம் ஆண்டுத் தேர்தலைத் தவிர, 1947 முதல் அவர் வாழ்நாள் முழுவதும் தெரிவுசெய்தது. 1976 ஆம் ஆண்டின் வட்டுக்கோட்டைத் தீர்மானம் கோரியதும் மதச்சார்பற்ற அரசையே. ஆனால் எழுத்திற் கண்ட மதச்சார்பின்மை நடைமுறையிற் காக்கப்படவில்லை. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில், வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்களே. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர், மதத்தினால் அந்நியராக்கப்பட்டனர். வலிகாமம் வடக்கு மக்கள் தம் வீடுகளை இழந்த அதே ஆண்டிலே இது நிகழ்ந்தது. முன்னதற்காக நீதி கேட்பவர் பின்னதை மறந்து பேசுவாராயின், அவர் கேட்பது நீதியன்று.

6. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். முதலாவது, அரசமதம் என்பது பழமையின் எச்சமன்று. அது நவீன அரசின் ஆக்கம். அச்சியந்திரம், பாடசாலை, கட்டாய இராணுவம், அரசியலமைப்பு ஆகியன இன்றி மெய்ஜி ஷிந்தோ தோன்றியிராது. ஆகவே அது மக்களின் அறியாமையால் வருவது, கல்வி பெருகின் மறையும் என எண்ணுதல் தவறு. யப்பான் கல்வியிற் சிறந்த நாடாக இருந்தே அவ்வழியிற் சென்றது.

இரண்டாவது, 'இது மதமன்று' என்ற வாதத்தை எங்கு கேட்டாலும் ஐயத்தோடு நோக்குதல் வேண்டும். பண்பாடு, மரபுரிமை, தொல்பொருள், வழமை, நாட்டுப்பற்று ஆகிய பெயர்களால் அது வரக்கூடும். அதனை எடையிடுவதற்கு உரிய இடம், அச்சடங்கின் உள்ளே இருப்பவனின் மனமன்று. வெளியே நிறுத்தப்பட்டவனின் நிலையே.

மூன்றாவது, அரசிடமிருந்து மதத்தைப் பிரித்தல் மதத்துக்கு எதிரான செயலன்று. தன் காவு வெட்டப்பட்ட யப்பானிய உழவனும், தன் சமயத்தின் பெயரால் அயலவனின் காணி பறிபோவதைக் காணும் நேர்மையான பௌத்தனும், முருகன் வாசலில் மறிக்கப்பட்ட தமிழனும், பள்ளிவாசலைப் பூட்டிவிட்டு வெளியேறிய முஸ்லிமும் இழந்தது வழிபடும் உரிமையையும், வழிபாட்டின் கண்ணியத்தையுமேயாம்.

தையிட்டியிலிருந்து மாவிட்டபுரத்துக்குத் தூரம் அதிகமில்லை. ஓரிடத்தில் நாம் நீதி கேட்டு நிற்கிறோம். மற்றையிடத்தில் நம்மிடமே நீதி கேட்கப்பட்டது. இவ்விரு இடங்களுக்கும் ஒரே அளவுகோலைக் கொண்டுசெல்லும் துணிவுடைய அரசியலே, சிங்கள மக்களுள் உள்ள சனநாயக சக்திகளோடு கைகோக்கும் தகுதியைப் பெறும். அத்தகைய அரசியலைக் கட்டியெழுப்புவது கல்வியாளருக்கும் முற்போக்காளருக்கும் உரிய இன்றைய கடமையாகும்.